புகார் எண் தர மறுக்கப்பட்ட புகார்: எங்கள் தெருமுனையில் வரப்போகும் பெட்ரோல் பங்க்

அனுப்புநர்:
26 ஆண்டுகளாக உங்கள் சமையல் எரிவாயு வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, நுகர்வோர் எண் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்)

பெறுநர்:
கோட்டத் தலைவர் அவர்கள்,
சில்லறை விற்பனைப் பிரிவு,
எண்ணெய் நிறுவனக் கோட்ட அலுவலகம், மதுரை.

நாள்: 18.11.2024

பொருள்: குடியிருப்பு மனைப்பிரிவுக்குள் பங்க் வைக்க இடம் குறித்தது, கேட்கப் போன என்னை அலைக்கழித்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முன்னால் எழுதியவற்றில் மூன்று எங்கே போயின என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மீதி ஒன்று எங்கே போனது என்று எனக்கே தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். தயவு செய்து இதையாவது நீங்களே பிரித்துப் படியுங்கள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். அட்டை திரும்பி வரும்போது யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்ப்பேன்.

எங்கள் தெரு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. வீட்டுமனை என்று என் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. அறுபது வீடு, ஒரு அங்கன்வாடி, ஒரு பிள்ளையார் கோயில், அப்புறம் என் தையல் கடை. தெருமுனையில் அதே மனைப்பிரிவைச் சேர்ந்த நான்கு மனைகள் காலியாகக் கிடக்கின்றன. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் காலையில் அங்கே ஒரு கார் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, முளைக்குச்சி அடித்து, குச்சித் தலையில் சிவப்பு பெயிண்ட் வைத்தார்கள். என்ன சார் என்று போய்க் கேட்டேன். "உங்க ஏரியாவுக்கு யோகம்மா, பங்க் வருது" என்றார் ஒருவர். எந்தக் குச்சி எதற்கு என்றும் அவரே காட்டினார்: இங்கே டேங்க், இங்கே பம்பு, சுவரோரம் இருக்கிற குச்சி ஆவி போகும் குழாய். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். நன்றாக இருக்கிறது என்று இரண்டு செம்பு குடித்துவிட்டுப் போனார்கள்.

சுவரோரம் என்றால் எந்தச் சுவர்? என் அடுப்படிச் சுவர்.

பெட்ரோலைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. அது நீங்கள் விற்கும் சரக்கு. அதன் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? லாரி வந்து டேங்கில் இறக்கும்போது உள்ளே இருக்கிற ஆவிதான் அந்தக் குழாய் வழியாக வெளியே வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? அதில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் தரும் என்றும் நான்தான் சொல்ல வேண்டுமா? என் வீட்டுக்காரருக்குப் பத்து வருடமாக வீசிங். ஊதுபத்தி கொளுத்தினாலே இருமுவார்.

நான் டெய்லர். அளவு எடுப்பது என் தொழில். அவர்கள் போன அன்றைக்கே என் இஞ்ச் டேப்பை எடுத்துப் போய், அந்தக் குச்சியிலிருந்து என் சுவர் வரை போட்டுப் பார்த்தேன். அறுபது இஞ்ச் டேப், பதினைந்து தடவை, கடைசித் தடவையில் டேப்பில் ஒரு சாண் மிச்சம். சந்தேகம் தீராமல் மறுநாள் ஹார்டுவேர் கடையில் முப்பது மீட்டர் டேப் வாங்கி, எதிர்வீட்டுப் பையனை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் அளந்தேன். 22 மீட்டர் 65 சென்டிமீட்டர். டேப் முழுசாக உருளவே இல்லை. அங்கன்வாடி கேட் 41 மீட்டர்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரி 7 அன்று புதிய பங்குகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வழக்கு போனதால் வந்த வழிகாட்டுதல் அது. நான் சொல்வதை விடுங்கள், உங்கள் அலுவலக அலமாரியிலேயே இருக்கும். பள்ளிக்கூடம், 10 படுக்கையும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனை, உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்பு என்று குறித்த பகுதி, இவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் பங்க் வைக்கக் கூடாது. பம்பு, டேங்கில் நிரப்பும் இடம், ஆவிக் குழாய், இந்த மூன்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதிலிருந்து அளக்க வேண்டும். இடநெருக்கடி என்றால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு செய்து 50-ஐக் குறைக்கலாம், ஆனால் எந்தக் காரணத்தைக் கொண்டும் 30-க்குக் கீழே போகக் கூடாது. என்னுடையது 22.65. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கே 22 சிறிது, 30 பெரிது என்று தெரிகிறது.

சரி, இதைக் கேட்கலாம் என்றுதான் மதுரைக்கு வந்தேன். செப்டம்பரில் முதல் தடவை. இரண்டு மணி நேரம் பஸ். வரவேற்பில் ஒரு மணி நேரம் உட்கார வைத்த பிறகு ஒரு அதிகாரியிடம் அனுப்பினார்கள். இளவயதுக்காரர். பெயர் எழுத மாட்டேன், அவருக்கே தெரியும். மனுவைக் கையில் வாங்கினார். வாங்கி, படிக்காமல் மேசையில் வைத்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். ஐயா, நான் கண்ணால் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா மகளைக் கெஞ்சி டைப் அடித்து, அறுபது வீட்டுக்கும் ஏறி இறங்கி 43 கையெழுத்து வாங்கிய மனு. அதில் ஒரு பாட்டி கைநாட்டு வைத்திருக்கிறார். சரியாக அந்தக் கைநாட்டின் மேல் கிளாஸ்.

"நீங்க டீலரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இடத்துக்காரரா?" இல்லை. "அப்ப உங்களுக்கு இதுல என்னம்மா சம்பந்தம்?" என்றார். அங்கன்வாடியைச் சொன்னேன். "அங்கன்வாடி எல்லாம் ஸ்கூல் கிடையாதும்மா" என்றார். இருபத்தெட்டுப் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்து அ, ஆ படிக்கிற இடத்துக்கு உங்கள் நிறுவனத்தில் என்ன பெயர்? வீட்டுக்காரரின் மூச்சிரைப்பைச் சொன்னேன். "பங்க் வந்தா மனை விலை ஏறும், வித்துட்டு வேற நல்ல ஏரியாவுக்குப் போங்க" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் கிளாஸைத் தூக்கி, மனுவை என்னிடமே நீட்டி, "இதை டீலர்கிட்ட குடுங்க" என்றார். வட்டமாக டீக்கறை. நகலை இணைத்திருக்கிறேன், கைநாட்டைச் சுற்றி நன்றாகத் தெரியும்.

டீலராக வரப்போகிறவரைத் தேடிப் பிடித்தேன். "கம்பெனி பார்த்து ஓகே பண்ண இடம், என்னை ஏன் கேக்கிறீங்க" என்றார். நகராட்சியில் கேட்டால் தடையில்லாச் சான்று கலெக்டர் தருவது என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள், அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விசாரணைக்கு வந்தவர், லைசென்ஸ் கொடுப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, இடம் தேர்ந்தெடுத்தது கம்பெனி, முதலில் கம்பெனியில் வரைபடம் கேளுங்கள் என்றார். கம்பெனி என்றால் நீங்கள். மறுபடியும் மதுரை.

அதற்கு முன்னால் உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன். போனை எடுத்த பெண் நன்றாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பங்கின் குறியீட்டு எண் கேட்டார். இன்னும் கட்டவே இல்லைம்மா, எண் எப்படி இருக்கும் என்றேன். "எண் இல்லாமல் புகார் பதிவாகாது மேடம்" என்றார். கட்டி முடித்துத் திறந்த பிறகுதான் கட்டாதே என்று புகார் சொல்ல முடியும் போலிருக்கிறது! கடைசியில் என் சிலிண்டர் நுகர்வோர் எண்ணை வைத்து ஏதோ பதிந்தார். மறுநாள் ஏஜென்சியிலிருந்து ஒரு பையன் வந்து அடுப்பைத் திறந்து பார்த்துவிட்டு, டியூப் பழசு, மாற்ற வேண்டும் என்றான். மாற்றினேன். சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று.

இப்போது அக்டோபர் 11 கதைக்கு வருகிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதே டீ அதிகாரி போனில், "வெள்ளிக்கிழமை வாங்க, கண்டிப்பா இருப்பேன், வரைபடம் காட்டறேன்" என்றார். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. லீவு இல்லையா சார் என்று கேட்டேன், "நீங்க வாங்கம்மா" என்றார். மத்திய அரசு கம்பெனி, இவர்களுக்கு வேறு கணக்கு போலிருக்கிறது என்று நம்பிக் கிளம்பினேன். வருடா வருடம் என் இரண்டு மிஷினையும் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டல் செய்து படைப்பேன். 26 வருடத்தில் முதல் தடவையாக அந்த மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் பஸ் ஏறினேன். வந்து பார்த்தால் உங்கள் கேட்டில் வாழைக்கன்று கட்டியிருக்கிறது, வாசலில் பூசணிக்காய் உடைத்திருக்கிறது, உள்ளே ஈ காக்கை இல்லை. காவலாளி மட்டும் இருந்தார். "அக்கா, திங்கக்கிழமைதான் ஆள் வருவாங்க" என்று சொல்லி, பாவம், அவர் பங்குப் பொரிகடலைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். மூன்று மாதத்தில் உங்கள் நிறுவனத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அந்த அதிகாரிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஏழு தடவை.

தீபாவளி சீசன் ஐயா அது. டெய்லருக்கு வருடத்தில் அந்த ஒரு மாதம்தான். மதுரைக்கு மூன்று தடவை, கலெக்டர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை, கையெழுத்துக்கு ஒரு வாரம். வாங்கி வைத்த ஜாக்கெட் துணிகளைத் தைத்துக் கொடுக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தேன். பதினைந்து வருடமாக வந்த வாடிக்கைகள் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்த கடைக்குப் போய்விட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டம். என் வீட்டுக்காரர் அவ்வளவு வராது என்கிறார்; அவருக்கு லைனிங் வைத்துத் தைக்கும் கூலி தெரியாது. தூக்கம் போனதற்கும் சேர்த்துக் கேட்டால் பத்து லட்சம் கேட்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து வரைபடத்தின் நகல் கேட்டேன். வணிக ரகசியம், தர இயலாது என்று ஒரு பக்கப் பதில். என் சுவருக்கும் உங்கள் குழாய்க்கும் நடுவில் எத்தனை மீட்டர் என்பது எப்படி ஐயா ரகசியமாகும்? முதல் மேல்முறையீடு எழுதிவிட்டேன். அது தனி.

நாங்கள் பங்கே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இல்லை. என் வீட்டில் ஓடுவதும் பெட்ரோல் வண்டிதான், நிரப்புவதும் உங்கள் பங்கில்தான். பைபாஸ் ரோட்டில் எத்தனையோ இடம் கிடக்கிறது, தாராளமாக வையுங்கள், திறப்பு விழாவுக்கு நானே வந்து தேங்காய் உடைக்கிறேன். உங்களைச் சங்கடப்படுத்த எனக்கு ஆசையில்லை. நீங்கள் நேர்மையானவர் என்று அந்தக் காவலாளி தம்பியே சொன்னார்.

ஆனால் ஒன்று. இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால், இதே நகல் டீக்கறையோடு கலெக்டருக்கும், பெட்ரோலிய அமைச்சகத்துக்கும், சென்னையில் இருக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் போகும். வக்கீல் பார்த்தாகிவிட்டது. அவர் மகளின் கல்யாண ஜாக்கெட் நான் தைத்தது. பீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிலிண்டரையும் வேறு கம்பெனிக்கு மாற்றுவேன். எங்கள் தெருவில் அறுபது சிலிண்டர்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த வரைபடத்தை எங்களுக்குக் காட்டுங்கள். அங்கீகரித்த வீட்டுமனையை எந்த உத்தரவின்படி பங்குக்கு எடுத்தீர்கள், நில உபயோக மாற்றம் நடந்ததா என்று எழுத்தில் சொல்லுங்கள். முக்கியமாக, பொறுப்பான ஒரு ஆளை அனுப்பி எங்கள் கண் முன்னால் அந்தக் குச்சியிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். 30 வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அது வரைக்கும் தடையில்லாச் சான்றுக்கான உங்கள் விண்ணப்பத்தை நிறுத்தி வையுங்கள். அந்த டீ அதிகாரியை மட்டும் அனுப்ப வேண்டாம்.

வருகிறவரை மதியம் மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் அங்கன்வாடிப் பிள்ளைகள் தெருவில் இருப்பார்கள். டேப் கொண்டுவர வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: 43 பேர் கையெழுத்திட்ட மனுவின் நகல், டீக்கறையுடன் (அசல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது); பத்திரத்தின் முதல் பக்கம்; மதுரை பஸ் டிக்கெட்டுகள் ஆறு; நட்சத்திரம் கேட்டு வந்த குறுஞ்செய்தியின் அச்சு.