அதிபரின் கடிதம்: உதகையில் தொடங்கிய சபையும் நம் பெண் பிள்ளைகளும்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

மூன்றாம் தவணையில் நம் பாடசாலையில் நடக்கவிருக்கும் வரலாற்றுக் கண்காட்சி பற்றிப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். தரம் 10, 11 மாணவிகள் இந்த முறை எடுத்திருப்பது மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபையின் வரலாறு. 2027 ஜனவரி 6ஆம் திகதியோடு அந்தச் சபைக்கு 150 வயது நிறைகிறது.

"நாங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், எங்கள் பிள்ளை எதற்குக் கன்னியாஸ்திரிகளைப் பற்றிப் படிக்க வேண்டும்?" என்று சில பெற்றோர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நேராகப் பதில் சொல்கிறேன். இதில் வழிபாடு கிடையாது, மதப் போதனை கிடையாது. விருப்பமில்லாத பிள்ளையைச் சேர்க்கவும் மாட்டோம். ஆனால் இந்த வரலாற்றை நம் பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்தக் கடிதம்.

சபையை நிறுவியவர் பெயர் எலேன் த ஷப்போத்தேன். 1839இல் பிரான்சின் நாந்து நகரில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். துறவியாக வேண்டும் என்ற ஆசை பதினாறு, பதினேழு வயதிலேயே வந்துவிட்டது. ஆனால் தாயார் திடீரென இறந்துபோக, வீட்டுப் பொறுப்பு எலேன் தலையில் விழுந்தது. சில ஆண்டுகள் ஆசையைத் தள்ளிவைத்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். 1860 கடைசியில்தான் கிளாரா சபை என்ற துறவற சபையின் மடத்தில் சேர முடிந்தது. அங்கேயும் உடல்நிலை கெட்டு வீடு திரும்ப வேண்டியதாயிற்று. இந்தப் பகுதியை வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகள் சட்டென்று அமைதியானார்கள். அம்மா சவூதியிலோ குவைத்திலோ வேலை செய்ய, தம்பி தங்கைக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டுப் பாடசாலைக்கு ஓடி வருகிற மூத்த பெண்கள் நம்மிடம் பலர் இருக்கிறார்கள். எலேனுடைய நிலைமையை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

1864இல் துலூஸ் நகரில் மரி ரெப்பாரத்ரீஸ் என்ற வேறொரு சபையில் சேர்ந்து, திருப்பாடுகளின் மரியா என்ற துறவறப் பெயரைப் பெற்றார். மறு ஆண்டே அவரைத் தமிழகத்தில் கிறிஸ்தவ மதப்பணி நடந்த மதுரை மறைப்பணித் தளத்துக்கு அனுப்பினார்கள். தூத்துக்குடி, திருச்சிராப்பள்ளி எல்லாம் அவர் வாழ்ந்து வேலை செய்த ஊர்கள். 1867இல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், அங்கிருந்த மடங்களுக்கெல்லாம் மாகாணத் தலைவியானார். நம் முன்னோர் தென் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பிக் காட்டு வேலைக்கு இலங்கையின் இந்த மலைகளுக்கு வந்துகொண்டிருந்த அதே காலம் அது.

பிறகு அந்தத் தளத்தில் கருத்து வேறுபாடுகள் முற்றின. 1876இல் மரியாவும் சேர்ந்து இருபது சகோதரிகள் பழைய சபையை விட்டு விலகினார்கள். அடுத்தது என்ன என்ற உறுதி இல்லை. அவர்கள் கூடிய இடம் நீலகிரி மலையில் உள்ள உதகமண்டலம். மரியா உரோமைக்குப் போய்த் திருத்தந்தை (பாப்பரசர்) ஒன்பதாம் பத்திநாதரிடம் விண்ணப்பித்தார். 1877 ஜனவரி 6ஆம் திகதி மறைப்பணிக்கென்றே ஒரு புதிய பெண்கள் சபைக்கு அனுமதி கிடைத்தது. 1882இல் அது புனித பிரான்சிஸ் அசிசியாரின் வழியைப் பின்பற்றும் மூன்றாம் சபை என்ற குடும்பத்தோடு இணைந்தது.

உதகை நமக்கு அந்நிய ஊரில்லை. 1964இல் நம்மவர்களை இந்தியாவுக்கு அனுப்பச் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து கப்பலேறிய நம்மவர்களில் பெருந்தொகையானோர் நீலகிரியில்தான் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் சித்தப்பா, பெரியம்மா இருக்கிற வீடுகள் இங்கே எத்தனையோ. உலகத்தின் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இன்று வேலை செய்கிற ஒரு சபை, நம் உறவுகள் கொழுந்து பறிக்கிற மலையில் ஆரம்பித்தது என்பதைப் பிள்ளைகள் வரைபடத்தில் குறித்துக் காட்டப்போகிறார்கள்.

சபையின் நோக்கம் இரண்டு இழைகளால் ஆனது: நற்கருணை ஆராதனையும் (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தில் இயேசுவை வழிபடுவது) மறைப்பணியும். யாரும் போகாத இடத்துக்கு, திருச்சபை எட்டாத மக்களிடம் போக வேண்டும் என்பது மரியா வகுத்த வழி. போன இடத்தில் செய்த வேலைகளோ பள்ளிக்கூடம், மருந்தகம், அநாதை இல்லம், பெண்கள் கைத்தொழில் செய்து சம்பாதிக்கும் பட்டறை என்று பலவகை. இலங்கைக்கு அவர்கள் 1886இல் வந்தார்கள். கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் நோயாளரைப் பராமரித்த வெள்ளை உடைச் சிஸ்டர்மாரைப் பற்றிப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. 1883இல் எதிர்ப்பாளர்களின் புகார்களால் மரியாவையே தலைமைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். விசாரணை நடந்தது. 1884இல் சகோதரிகள் அவரை மீண்டும் தலைவியாகத் தெரிந்தெடுத்தார்கள். நீக்கப்பட்ட காலத்தில் அவர் சபையை உடைத்துக்கொண்டு போகவில்லை. எனக்கு அந்தப் பெண்மணி மீது மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

மருத்துவப் பணியிலும் ஒரு பெரிய தடை இருந்தது. பிரசவம் பார்ப்பதைத் திருச்சபைச் சட்டம் கன்னியருக்கு அனுமதிக்கவில்லை. ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்கிய பெண்கள் பிரசவத்தில் இறந்துகொண்டிருந்த காலம் அது. ராவல்பிண்டியில் பெண்களுக்காக ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் தொடங்கிய ஆஸ்பத்திரியில் இந்தச் சபைச் சகோதரிகள் தாதியராக உழைத்தார்கள். அங்கே பணியாற்றிய வைத்தியர் அன்னா டெங்கல், 1925இல் மருத்துவத்துக்கென்றே ஒரு தனிச் சபையை நிறுவினார். உரோமை கடைசியில் 1936இல் அந்தத் தடையை நீக்கியது. மருத்துவச்சி வந்து சேருவதற்குள் லயத்துக் காம்பிராவில் உயிர் போன தாய்மாரின் கதைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. அதனால் இந்தப் பகுதிக்குக் கண்காட்சியில் அதிக இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சீனாவின் தையுவான் நகரில் 1900 ஜூலை 9ஆம் திகதி இந்தச் சபையின் ஏழு சகோதரிகள் கொல்லப்பட்டார்கள். அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முந்தைய ஆண்டு போனவர்கள். 2000இல் அவர்களுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. மரியா 1904இல் இத்தாலியின் சான் ரேமோவில் காலமானபோது, சபையில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான சகோதரிகளும் 86 இல்லங்களும் இருந்தன. 2002இல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது.

சரி, இப்போது நம் பிள்ளைகள் விடயத்துக்கு வருகிறேன். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும் உயர்தரத்துக்கு வராமல் நின்றுவிடுகிற பெண்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். உயர்தரம் முடித்தவர்களிலும், தாதியர் பயிற்சிக்கோ ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியற் கல்லூரிக்கோ தெரிவாகி, "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்ற ஒரே காரணத்தால் வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மலையகத்திலேயே உள்ள பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிகூடத் தூரம் என்று சொன்ன தகப்பன்மார் உண்டு. உங்கள் பயம் பொய்யில்லை. விடுதிச் செலவு, பஸ் பயணம், ஊர் வாய் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அதே பிள்ளையை இரண்டு வருடம் கழித்துக் கொழும்பில் துணிக்கடை வேலைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்புகிறோமே, அந்தத் தூரம் மட்டும் குறைவா? 150 வருடங்களுக்கு முன் மொழி தெரியாத நாட்டுக்குக் கப்பலேறி, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்திய பெண்களைப் பற்றி நம் பிள்ளைகள் படிக்கட்டும். துறவியாக வேண்டும் என்பதற்காக இல்லை. படிப்புக்காக ஒரு பெண் வீட்டை விட்டுத் தூரம் போகலாம், அதை அவளுடைய குடும்பம் தாங்கும் என்ற தைரியம் அவர்களுக்கும் உங்களுக்கும் வர வேண்டும் என்பதற்காக.

அப்புறம், உங்களிடம் சில உதவிகள். நீலகிரிக்குப் போன உறவினர் அனுப்பிய பழைய கடிதங்கள், படங்கள் இருந்தால் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பிரதி எடுத்ததும் பத்திரமாகத் திருப்பித் தருவோம். தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ பிள்ளைக் காம்பிராவிலோ வேலை செய்த பாட்டிமார் இருந்தால், அவர்களோடு பேசிப் பதிவுசெய்ய மாணவிகள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒத்திகை நாட்களில் பிள்ளைகள் மாலை மூன்றரை வரை பாடசாலையில் இருப்பார்கள். தூரத்துத் தோட்டப் பிள்ளைகள் ஒன்றாகத் திரும்பிப் போக, ஓர் ஆசிரியை பஸ் நிலையம் வரை கூட வருவார்.

தரம் 11 பிள்ளைகளின் தாய் தகப்பன் கண்காட்சி நாளில் கொழுந்து நிறுத்துவிட்டுத் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. என் அறைக்கு வாருங்கள். உயர்தரப் பாடத் தெரிவு, விடுதி வசதி, உதவிப்பணம் பற்றி ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசுவேன்.

இப்படிக்கு,
அதிபர்