குலசையின் பலம் பூமத்திய ரேகை அல்ல, திசை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குலசேகரன்பட்டினம் (குலசை) ராக்கெட் ஏவுதளம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் ஒரு வரி தவறாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது: ‘பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் எரிபொருள் மிச்சமாகும்.’ கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வரி நிற்காது.

பூமி சுழலும் வேகம் பூமத்திய ரேகையில் விநாடிக்கு 465 மீட்டர். 13.7 டிகிரி வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் அது 452; 8.4 டிகிரியில் உள்ள குலசையில் 460. சுற்றுப்பாதையில் நிலைக்க விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் அளவுக்கு வேகம் வேண்டும். அதில் இந்த எட்டு மீட்டர் எந்த மூலைக்கு? அந்த எட்டும் கிழக்கு நோக்கி ஏவினால்தான் கிடைக்கும். குலசையிலிருந்து நேர் கிழக்கே 200 கி.மீ. போவதற்குள் இலங்கையின் மேற்குக் கரை வந்துவிடும். அந்தப் பக்கம் ஏவவே முடியாது.

நம் ஏவுதளங்களின் கதையே திசையின் கதைதான். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் பறந்த கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது, காந்தப் பூமத்திய ரேகை, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, அதன் வழியே போவதால். (இரண்டு ரேகைகளையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.) ஆனால் மேற்குக் கரையிலிருந்து கிழக்கே ஏவினால் கழன்று விழுபவை ஊர்கள் மேல் விழும். அதனால்தான் கிழக்குக் கரையில் இடம் தேடி, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவை 1969-இல் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ரோகிணி-125 ஆய்வு ராக்கெட் பறந்தது.

கிழக்கே ஏவ ஸ்ரீஹரிகோட்டாவை விட நல்ல இடம் நமக்கு இல்லை. வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குத்தான் இடிக்கிறது. அங்கிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால் முதலில் சென்னை, அப்புறம் இலங்கை. ஆகவே பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே, வடக்கிலிருந்து கணக்கிட்டால் சுமார் 140 டிகிரி திசையில் கிளம்பி, பிறகு வழியில் தெற்கே வளைகிறது. இந்த வளைவு இலவசம் அல்ல. விநாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் போகும் ராக்கெட்டை 40 டிகிரி திருப்ப, விநாடிக்கு ஏறக்குறைய 1.4 கி.மீ. வேகத்துக்கான எரிபொருள் வீணாகும். 4 கி.மீ. வேகத்தில் திருப்பினால் அது இரட்டிப்பு. முன்கூட்டியே திருப்பிவிடலாமே என்றால், காற்று அடர்ந்த உயரத்தில் சடாரென்று திருப்பினால் உடல் முறியும். கழலும் பாகங்கள் கடலில் விழும் என்ற உறுதியும் போய்விடும். தாமதிக்கத் தாமதிக்க வேகம் ஏறும், செலவும் ஏறும்.

320 டன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி. இந்தச் செலவைத் தாங்கிக்கொள்கிறது. 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் கொண்ட, குலசையிலிருந்து ஏவப்போகும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யால் முடியாது, 500 கிலோ சுமப்பதே அதன் உச்சம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022, 2023, 2024-இல் ஏவிய மூன்று எஸ்.எஸ்.எல்.வி.களுக்கும் குறித்த பாதை பூமத்திய ரேகைக்குச் சுமார் 37 டிகிரி சாய்வுதான், துருவப் பாதை அல்ல என்பதைக் கவனித்தாலே போதும். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை பெருநிலம் எதுவும் இல்லை. வளையாமல் போகலாம். மிச்சம் அங்கேதான்.

இதை விளங்கிக்கொண்டால் ‘இனி சந்திரயானும் குலசையிலிருந்தே’ என்ற பேச்சும் அடங்கும். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டிய குலசைத் திட்டத்தின் மதிப்பு 986 கோடி ரூபாய், அதுவும் சிறிய ராக்கெட்டுக்காக. கனரக ராக்கெட்டுக்கான மூன்றாவது தளத்துக்கு 2025 ஜனவரியில் 3,985 கோடி ஒதுக்கியது ஸ்ரீஹரிகோட்டாவுக்குத்தான். சந்திரயானைச் சுமக்கும் ராக்கெட்டின் பக்கவாட்டில் பூட்டும் 200 டன் திட எரிபொருள் பூஸ்டர்களை வார்க்கும் ஆலையும் அங்கேதான் இருக்கிறது. இஸ்ரோவின் மகேந்திரகிரி சோதனை மையம் குலசைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள். அங்கே சோதிப்பது திரவ, கிரையோஜெனிக் என்ஜின்களை; எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முக்கிய நிலைகளும் திட எரிபொருள்.

எழுத வேண்டிய வேறு விஷயம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு 24 ஏவுதல் என்பது இலக்கு. ஒவ்வொன்றுக்கும் தளத்தை ஒட்டிய கடலையும், கழன்ற பாகம் விழும் பகுதியையும் படகுகள் இல்லாமல் காலி செய்தாக வேண்டும். மழையாலோ கவுண்ட்டவுனில் வரும் கோளாறாலோ ஏவுதல் தள்ளிப்போனால் அந்த நாள் கணக்கில் சேராது. மறுபடி ஒரு நாள் கடலை மூட வேண்டும். ஆக, மூடும் நாட்கள் 24-இல் நிற்காது. பழவேற்காட்டு மீனவர்களுக்கு இது பழகிய தொல்லை. குலசையை ஒட்டிய மணப்பாடு, ஆலந்தலைக்காரர்களுக்குப் புதிது. எத்தனை கடல் மைல் மூடுவார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள், தள்ளிப்போன நாளுக்கும் இழப்பீடு உண்டா என்பதைத் தங்கள் நிருபர்கள் கேட்டு எழுதினால் கரையோர ஊர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்செந்தூர் வட்டம்.