மேரி சிங்கூவின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலிட்டான் (வடிவம் மாறாமல் ஓடும் தனி அலை) பற்றி யார் எழுதினாலும் 1834-இல் ஸ்காட்லாந்துக் கால்வாய் ஓரமாக ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரையில் ஓர் அலையைத் துரத்திப் போன கதையோடுதான் ஆரம்பிக்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் அந்தப் பெயர் பிறக்கக் காரணம் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் போட்ட ஒரு கணக்கு. ஃபெர்மி, பாஸ்தா, உலாம் என்ற மூன்று விஞ்ஞானிகளும் ஸ்பிரிங்கால் வரிசையாகக் கோர்த்த சிறு உருண்டைகளை மேனியாக் என்ற கணினியில் கணக்காக ஆட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கின் விசை நீட்சிக்கு நேர்விகிதத்தில் இல்லை என்பதால், ஓர் அலைவில் (வரிசை முழுவதும் சேர்ந்து ஆடும் ஒரு விதத்தில்) கொடுத்த ஆற்றல் போகப்போக எல்லா அலைவுகளுக்கும் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பரவவில்லை. சிலவற்றுக்குள் மட்டும் சுற்றிவிட்டு, கிட்டத்தட்ட முழுவதும் முதல் அலைவுக்கே திரும்பி வந்தது! 1965-இல் ஸபுஸ்கி, க்ருஸ்கல் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தோண்டியபோதுதான், மோதிக்கொண்டாலும் உருக்குலையாத அலைகள் தெரிந்தன. சாலிட்டான் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, அந்தக் கணினிக்கு நிரல் எழுதியது யார்? மேரி சிங்கூ. வேலையில் அவருக்கும் பங்குண்டு என்று 1955 அறிக்கையிலேயே இருக்கிறது, இருந்தும் மூவர் பெயர்தான் நிலைத்தது. 2008-க்கு அப்புறம் பல ஆய்வாளர்கள் அவர் பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்கள். நம் பத்திரிகைகளும் நால்வர் பெயரையும் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்