வுட் துரை கல்லறையில் எங்கள் பிள்ளைகள் பேசிய நாள்

ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மலையில் இருக்கும் எங்கள் சொந்தங்களுக்கும் வணக்கமுங்க.

போன சனிக்கிழமை ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் டாப்சிலிப்பில், ஹியூகோ வுட் கல்லறையைச் சுற்றி எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் வேடம் கட்டி நின்று பேசினார்கள். அன்றைக்கே ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் சேத்துமடை செக்போஸ்ட்டைத் தாண்டி இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பாதிப் பேரிடம் தலையசைத்ததோடு சரி. மீதியை இந்த மடலில் சொல்கிறேன்.

முதலில் பயந்த அம்மாக்களுக்கு. "படிக்கிற புள்ளைகள எதுக்குங்க டீச்சர் சமாதிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கூட்டத்தில் கேட்டீர்கள். கேட்டதில் தப்பே இல்லை. இழவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குத் தண்ணி ஊற்றாமல் வாசல்படி ஏறாதவர்கள் நாம். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மாயிதான், "நம்ம தோட்டத்துல பாட்டன் சமாதி இல்லியா? வருசத்துக்கு ஒருக்கா பொங்க வெச்சுக் கும்புடறோமில்ல? அந்த மாதிரிதான் அம்மணி இதும்" என்றார். அதற்கப்புறம் யாரும் மறுத்துப் பேசவில்லை. அம்மாயி, நீங்கள் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தால் இந்த நிகழ்ச்சியே இல்லை.

வுட் யார் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கும், பிறகு ரயில் பாதைக் கட்டைகளுக்கும் போய்க்கொண்டே இருந்தது. வெட்டிய தடிகளை மலை விளிம்பிலிருந்து சரியவிட்ட இடம்தான் டாப்சிலிப். காடு மொட்டையாகிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே வந்த வன அதிகாரி ஹியூகோ வுட். மரத்தை வேரோடு எடுக்காமல் தரையோரம் வெட்டி, அடிக்கட்டை துளிர்க்கும்படி விடச் செய்தார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதே இல்லை. "மறுதாம்புக் கரும்பு மாதிரிங்களா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான், பாடம் அத்தோடு முடிந்தது. நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போடுவார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1933இல் குன்னூரில் இறந்தவரை, அவர் விரும்பியபடியே இந்தத் தேக்கு மரங்களுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது: என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார். லண்டன் புனித பால் பேராலயத்தில், அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் கல்லறைக்கு மேலேயும் இதே வரிதான். அங்கே சுற்றிப் பார்த்தால் கட்டடம், இங்கே காடு.

நான் முதலில் எழுதிய நாடகத்தில் எல்லாம் துரைமார்தான். ஒத்திகை பார்க்க வந்த ஒரு தந்தை, மலைக் கிராமத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் மாணவியின் அப்பா, கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "துரை வெத போட்டாரு, சரிங்க. மரத்த அறுத்தது, இழுத்தது, நாத்து நட்டது எல்லாம் எங்க தாத்தனுங்கதான. அவங்களுக்குக் கல்லு இல்லைங்க." அன்று இரவு முழுவதையும் திருத்தி எழுதினேன். துரை ஒருவர் போதும் என்று வைத்து, தடி அறுத்த மலசர் பழங்குடிக்காரர், தேனெடுக்கும் காடர் பழங்குடி வீட்டுப் பெண், யானையை நடத்தும் மாவுத்தன், அவருக்கு உதவியாக இருக்கும் காவடி, சேத்துமடையில் காத்திருக்கும் மாட்டுவண்டிக்காரர், நாற்று நட்ட கூலிக்காரப் பெண் என்று ஆறு பேரைச் சேர்த்தோம். வசனத்தை வரிவரியாகக் கேட்டு, "எங்க ஊட்ல இப்பிடிப் பேச மாட்டாங்க" என்று திருத்திக் கொடுத்ததும் அதே அப்பாதான். ஐயா, நிகழ்ச்சியின் உயிர் உங்கள் ஒரு கேள்வியில்தான் இருந்தது. பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

அனுமதி தந்த வனத்துறையினருக்கும், காலையிலிருந்து கூடவே நடந்த வேட்டைத்தடுப்புக் காவலர்களுக்கும் நன்றி. மைக் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, பூ தூவக் கூடாது என்று சொன்னபோது மனம் கொஞ்சம் சுணங்கியது உண்மை. ஆனால் மைக் இல்லாததால்தான் எல்லோரும் கல்லறையை ஒட்டி நெருங்கி நின்றோம். சிள்வண்டுச் சத்தத்துக்கு மேலே பிள்ளைகளின் குரல் எழும்பியதை மறக்க முடியாது.

மாவுத்தனாக நின்ற பையன் பாதியில் வசனத்தை மறந்துபோனான். உதடு நடுங்கியது. நான் எடுத்துக் கொடுப்பதற்குள், பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற மாவுத்தன் ஐயா முன்னால் வந்து, "சொல்லு சாமி, தடிய இழுத்துப் போட்டீங்க. அப்புறம் ஆனைக்குத் தண்ணி எங்க காட்டுனீங்க?" என்று சக தொழிலாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார். பையன் நிமிர்ந்தான். நாடகத்தில் இல்லாததையெல்லாம் சொன்னான்: ஓடையில் குளிப்பாட்டியது, ராகிக் களி உருட்டிக் கொடுத்தது, சங்கிலி உரசிய இடத்தில் மருந்து போட்டது. இரண்டு மாதமாக ஐயாவின் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கதைகள் அவை. கூட்டத்தில் பலர் அழுதோம். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வுட் துரையாக நின்ற மாணவிக்குப் பழைய காக்கிப் பேன்ட்டைப் பிரித்து கோட் தைத்துக் கொடுத்து, கூலி வாங்க மறுத்த டெய்லர் அண்ணனுக்கும், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட வேன்கார அண்ணனுக்கும், விடியக்காலை நான்கு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறிய அக்காமார் நால்வருக்கும் நன்றி.

சோறு கொண்டுவந்த தூக்குப்போசி இரண்டு பள்ளியிலேயே தங்கிவிட்டன. ஒன்றில் மூடிக்கு மேல் 'ரா' என்று ஆணியால் கொத்தியிருக்கிறது. கழுவித் துடைத்து என் மேசைமேல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா.