பதிவுப் புதுப்பித்தலும் சிறு மருத்துவமனைச் செவிலியரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது குடியாத்தத்தில் வசிக்கிறேன். செவிலியர்கள் குறிப்பிட்ட மணி நேரம் தொடர் கல்வி பெற்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி, எங்கள் பகுதியின் சிறு மருத்துவமனைகளில் எப்படி நடைமுறையாகிறது என்பதைத் தங்கள் இதழின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த விதியே தேவையில்லை என்று வாதிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நான் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்தில் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கவைத்து அடுத்த நோயாளிக்கு எடுப்போம். இதயம் நின்றுபோனவருக்கு மூச்சுப்பாதையைச் சரிசெய்து, மூச்சு ஊதி, அதன்பிறகே மார்பை அழுத்த வேண்டும் என்று மனப்பாடம் செய்தோம். 2010-இல் அந்த வரிசையே மாறி, பெரியவர்களுக்கு மார்பை அழுத்துவது முதல் வேலையாகிவிட்டது. பழைய பாடத்தோடு நின்றுவிட்டவர் எத்தனை அனுபவசாலியானாலும் அவரிடம் நோயாளியை நம்பி ஒப்படைக்க முடியாது.

என் குறை, கேட்கப்படும் மணி நேரத்துக்கும் அதைச் சேர்க்கக் கிடைக்கும் வழிக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுப்படி ஐந்தாண்டில் 150 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும். ஒரு நாள் வகுப்புக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் இருபத்தைந்து முழு நாட்கள் ஆகின்றன. அதே ஐந்தாண்டுக்கு மருத்துவர்களிடம் 2002-ஆம் ஆண்டின் நெறிமுறைகள் எதிர்பார்ப்பது 30 மணி நேரம். மருந்தாளுநர்களிடம் 2015-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் எதிர்பார்ப்பது குறைந்தது ஒரு நாள் வீதம் இரண்டு புத்தாக்கப் பயிற்சிகள். செவிலியர் கூடுதலாகப் படிப்பது நல்லதே. ஆனால் இம்மூவரில் விடுப்புக் கேட்கவே தயங்கும் நிலையில் இருப்பவரிடம்தான் மிக அதிக நேரம் கேட்கப்படுகிறது.

வேலூரில் செவிலியர் கல்விக்குப் பஞ்சம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இலேயே செவிலியர் பள்ளி தொடங்கிய ஊர் இது. 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பெரிய மருத்துவமனையில் பணியாற்றுபவருக்கு வகுப்பு, பணியிடத்துக்கே வந்துவிடும். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கத்துச் சிறு நர்சிங் ஹோம்களில் இருப்பவர்களின் கதை வேறு.

என் அக்கா மகள் அப்படியொரு பதினைந்து படுக்கை மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வகுப்புக்குப் போக வேண்டுமென்றால் தன் டியூட்டிக்கு மாற்று ஆளை அவளே தேடித் தர வேண்டும்; அன்றைய சம்பளமும் பிடிக்கப்படும். சென்ற ஆண்டு நைட் டியூட்டி முடித்த கையோடு பஸ் ஏறி ஒரு பயிலரங்குக்குப் போனாள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாற்றாக வெளியிலிருந்து இயங்கும் எக்மோ இயந்திரத்தைப் பற்றி அன்று முழுக்கப் பேசினார்களாம். அவள் வேலை செய்யும் இடத்துக்கு அந்த இயந்திரம் வரப்போவதேயில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டோடு கிளம்பியவர்களுக்கும் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஒரே சான்றிதழ்தான்.

அவளுடைய மருத்துவமனைக்கு அடிக்கடி வருவது பாம்புக்கடி. கண்ணாடி விரியன் கடித்தவரின் இரத்தம் உறைகிறதா என்று அறிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிதளவு இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். சோப்புத் தூளில் கழுவிய குழாயிலோ பிளாஸ்டிக் குழாயிலோ எடுத்தால், நல்ல இரத்தம்கூட உறையாமல் நின்று விஷம் ஏறிவிட்டதுபோல் காட்டும். இந்தச் சின்ன விஷயத்தை நான் இளம் செவிலியர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பிரசவத்துக்குப் பின் நிற்காத இரத்தப்போக்கை முதல் பத்து நிமிடங்களில் எப்படிக் கையாள்வது என்பதும் இப்படிப்பட்டதே. இவற்றைத் தாலுகா அரசு மருத்துவமனையிலேயே, பொம்மை மாதிரியை வைத்து, ஒவ்வொருவரையும் கையால் செய்துகாட்டச் சொல்லி, சரியாகச் செய்தவருக்கு மட்டும் மணி நேரம் வழங்கினால், மண்டபத்து உரைகளைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

2023-ஆம் ஆண்டின் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் மாநிலந்தோறும் ஓர் ஆணையம் அமைக்கச் சொல்கிறது. அந்த ஏற்பாட்டின்கீழ் தமிழ்நாட்டுக்கான விதிகளை வகுப்பவர்கள், பயிற்சியைச் செவிலியரின் தனிப்பட்ட பொறுப்பாக மட்டும் விட்டுவிடாமல், நிர்வாகத்துக்கும் அதில் கடமை உண்டு என்று எழுத வேண்டும். தனியார் மருத்துவமனைகள் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்யப்படுகின்றன. ஆண்டுக்கு ஐந்து நாட்கள் சம்பளத்துடன் பயிற்சிக்கு அனுப்பியதற்கான பதிவேட்டை அந்தப் பதிவுக்கே ஒரு நிபந்தனையாக்கினால், மாற்று ஆள் தேடும் வேலை செவிலியரின் தலையிலிருந்து இறங்கும்.

பிள்ளைப்பேற்றுக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்டவர்கள் திரும்பி வரும்போது, விட்டுப்போன மணி நேரத்தை மொத்தமாகக் கேட்காமல், வார்டில் ஒரு மாத மேற்பார்வைப் பணியை ஈடாக ஏற்பதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.