செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

சந்தா, கணக்கு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். வாசிகசாலைக் கூரை ஒழுக்கு ஒருவழியாக அடைபட்டுவிட்டது. தீபாவளி விழா மழையோடு மழையாக நடந்தது. மற்றபடி இந்த வருடம் சங்கத்துக்கு ஆட்களை வரவைத்தது ஞாயிறு காலைச் சட்ட உதவி மேசைதான்.

மேசையில் இருக்கும் நீதிபதி ஐயாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அறிக்கையில் பெயரைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, கொழும்புச் சட்டக் கல்லூரியில் படித்து, நீதவானாகத் தொடங்கி, மாவட்ட நீதிபதியாக 60 வயதில் ஓய்வு பெற்றவர். நம் பக்கத்து நீதிமன்றங்களில் பதிவு சிங்களத்தில்தான். தமிழில் ஒரு அம்மா பத்து நிமிடம் அழுது சொன்னது, மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்து இரண்டு வரியாகிவிடும் என்பார் ஐயா. அதனாலோ என்னவோ, இங்கே யாரையும் இடைமறிப்பதில்லை. வரிசை நகர்வதே இல்லை என்று முறைப்பாடு வந்தது. நியாயம்தான். ஐயாவிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை.

வழக்கு என்று வருபவர்கள் குறைவு. அவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறோம். சில்லறைத் தகராறுகள் மத்தியஸ்த சபைக்குப் போகின்றன. மீதி எல்லாம் பெயர்ப் பிரச்சினை. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் மாரியாயி, பிறப்புச் சான்றிதழில் மாரியம்மா, அடையாள அட்டையில் வேறொன்று என்று ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதிக் காசு கேட்டுப் போகும்போதுதான் இது தெரியவரும். அப்புறம் சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்று அலைய வேண்டும்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 32 வருடம் கொழுந்து பறித்த அக்கா ஒருவர், ஷொப்பிங் பேக் நிறையச் சம்பளத் துண்டுகளோடு வந்தார். வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் பணிக்கொடை வரவில்லை. தோட்டத்து ஒபிசில் கேட்டால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்கிறார்களாம். ஐயா துண்டுகளை வருடவாரியாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் தேயிலைத்தூள் டின்னை மேலே வைத்தார். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம்; வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

“448 நாள் சம்பளம் வரணும் தங்கச்சி.”

“அவ்வளவு நாளும் மறுபடி வேலைக்குப் போகணுமா ஐயா?”

ஐயா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து திரும்பவும் சொன்னார். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதினோம். விசாரணைக்குப் பிறகு முதல் தவணை வந்திருக்கிறது.

ஒரு குறை, அது என்னுடையது. முதல் மூன்று மாதம் வந்தவர்களின் பதிவேட்டை நான் ஒழுங்காக எழுதவில்லை. அதனால் மொத்தம் எத்தனை பேர் என்று இங்கே போடவில்லை. இப்போது கொப்பி மேசையிலேயே நூலில் கட்டியிருக்கிறது.

அடுத்த வருடத்துக்குப் போட்டோகொப்பிச் செலவைச் செயற்குழு ஒதுக்கித் தர வேண்டும். சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேராவது வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே.

செயலாளர்