ஆறுமணிக் குருவி வந்திருக்கிறது

பாளையங்கோட்டை,
அக்டோபர் 19

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நல்லது. "ரிட்டயர் ஆனவன் கோயில், குளம் என்று போவான், நீ என்னடா குளத்துக்கு மட்டும் போகிறாய்?" என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்துவிட்டு உன் மதினி இரண்டு நாள் சிரித்தாள்.

அதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு சேதி. செவ்வாய்க்கிழமை காலை கிணற்றடி மாமரத்துக்குக் கீழே சருகு சரசரத்தது. ஓணான்தான் என்று எட்டிப் பார்த்தால், தோட்டக்கள்ளன்! காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் ஆறுமணிக் குருவி என்றும் சொல்வார்கள். மைனாவைவிடச் சின்னது. வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை. முதுகு பச்சை, வயிறு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு, இறக்கையில் நீலத் திட்டு, கண்ணில் மை இழுத்ததுபோல் கறுப்புப் பட்டை. இரண்டு தத்து தத்தும், நிற்கும், தலையைச் சாய்க்கும், அலகால் ஒரு சருகைப் புரட்டிப் போடும். முக்கால் மணி நேரம் இதே வேலை. என் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கம் வருகிற பறவை இது. இரவில் பறந்து வருவதால் விடியும்போது களைத்துப்போய் யார் வீட்டுக் கொல்லையிலாவது இறங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பூனை அன்றைக்கு எங்கே போயிருந்ததோ, நல்ல வேளை. நாம் கவட்டையும் கையுமாக அலைந்த நாளிலும் இது வந்துகொண்டுதான் இருந்திருக்கும். நமக்கு அப்போது காக்கா, மைனா, கொக்கு, மற்றதெல்லாம் குருவி.

நான் ஏதோ பெரிய ஆள் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. போன வருஷம் வேப்பமரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் வரி, நீண்ட வால். வல்லூறு என்று அடித்துச் சொன்னேன். கூட வந்த கல்லூரிப் பெண், "அலகைப் பாருங்க தாத்தா" என்றாள். வல்லூறுக்கு இருக்கிற கொக்கி அலகு அதற்கு இல்லை. அது அக்காக்குயில்! வல்லூறைப் போலவே வேஷம் போடுகிற குயில். சின்னப் பறவைகளே பார்த்து மிரளும், நான் எம்மாத்திரம். தப்பாகச் சொன்னதைவிட அந்தத் 'தாத்தா'தான் அதிகம் வலித்தது.

அதற்கப்புறம் நிறத்தை நம்புவதில்லை. அலகு, கால், நடத்தை, இந்த மூன்றும்தான் முதலில். நீ வேளச்சேரியில் இருந்துகொண்டு பள்ளிக்கரணை வழியாக நூறு தடவை போயிருப்பாய். அடுத்த முறை ஓரமாக நின்று கொக்குகளைப் பார். மாட்டுக்குப் பின்னாலேயே நடந்தால், அலகும் மஞ்சளாக இருந்தால், உண்ணிக்கொக்கு. அலகும் காலும் கறுப்பாக இருந்து, பாதம் மட்டும் மஞ்சள் சாக்ஸ் போட்டதுபோல் இருந்தால் சின்னக்கொக்கு. அந்த மஞ்சள் பாதத்தைச் சேற்றில் நடுக்கி நடுக்கி மீனைக் கிளப்பும் பார், அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

பைனாகுலர் வாங்கினால் 8x42 வாங்கு. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு வேண்டும் என்று ஆசைப்படாதே; நம் வயசுக்குக் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கேமராவோடு வந்த ஒருவர் செல்போனில் பறவையின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். பாவம், அது தன் இடத்துக்கு எவனோ போட்டிக்கு வந்துவிட்டான் என்று மேய்ச்சலை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே சுற்றியது. படம் நன்றாக வந்ததாம். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சரி, தை மாசம் இங்கே வந்துவிடு. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது; கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்டதை எண்ணி எழுதினால் போதும். அப்புறம் கூந்தன்குளம் போவோம். அந்த ஊரில் வீட்டு வாசல் மரத்திலேயே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும், ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தும் அந்தச் சமயம் இருக்கும். பின்தலையில் இரண்டு கறுப்புக் கோடு, அதுதான் அடையாளம். உன் ஆரஞ்சுச் சட்டையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா.

நேற்று சாயங்காலமும் சீழ்க்கை கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு எட்டு. மாமரத்தடியைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சருகு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டதாக உன் மதினி சொல்கிறாள். இப்போதைக்கு வீட்டில் சண்டை அது ஒன்றுதான்.

அன்புடன்,
முருகேசன்